பழைய ஆபீஸ் டவர்ல கிராபிக்ஸ் கார்டு தாங்குமா?

கேள்வி: ஆபீஸ்ல கழிச்ச டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 டவர், பிராசசர் ஐ5-3470. ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு வாங்கி, எஸ்எஸ்டியும் போட்டு நானே அசெம்பிள் பண்ணேன், பெருமையா இருக்கு சார், ஆனா 275 வாட் பவர் சப்ளை மாத்தணுமா?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமா பெருமைப்படுங்க தம்பி! காசு கொட்டி வாங்குறத யார் வேணும்னாலும் செய்வாங்க, எது எதோட சேரும்னு பார்த்து பொறுக்கி எடுக்குறதுதான் கைத்திறமை. தனி பவர் கனெக்டர் இல்லாத 1050 டிஐ-ன்னா மதர்போர்டு ஸ்லாட்லேருந்தே 75 வாட்டுக்குள்ள எடுத்துக்கும், பிராசசர் 77 வாட், அதனால 275 போதும், ஆனா பழைய சப்ளைங்கிறதால ஃபேன்ல தூசு தட்டி, பிராசசர்க்கு புது தெர்மல் பேஸ்ட் (சூட்டை கடத்துற பசை) வச்சிடுங்க. ரேம் ஒரே குச்சியா இருந்தா ரெண்டா போடுங்க, வேகம் தெரியும். விண்டோஸ் 11 இதுல அதிகாரபூர்வமா வராது, லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் அருமையா ஓடும்.