அனிதா பிரதாப்: கேள்வியும் பதிலும்

இலங்கைப் போரைப் பற்றி எழுதின இந்தியப் பத்திரிகையாளர் அனிதா பிரதாப் பற்றிய கேள்விகளை இந்தக் கிழமைக்குக் கேட்டிருந்தம். வந்த ஒழுங்கிலேயே பதில் தாறன். கேட்டவரின்ர ஊர் முன்னால இருக்கு.

பரந்தன்: அவ தமிழோ?

இல்லை. கோட்டயத்தில் பிறந்த மலையாளி.

புதுக்குடியிருப்பு: அண்ணா, ஏ.எல். ஊடகக் கற்கை ஒப்படைக்கு அவவைப் பற்றி எழுதுறன். எதை விடக்கூடாது?

தங்கச்சி, வேலை பார்த்த இடங்களை ஒழுங்காகப் போடுங்கோ: இந்தியன் எக்ஸ்பிரஸ், சண்டே வார இதழ், பிறகு டைம், சிஎன்என். 1984 மார்ச்சில் சண்டேயில் வந்த புலிகளின்ர தலைவர் பிரபாகரனின்ர பேட்டிதான் அவவின்ர பெயரை வெளியில் கொண்டு போனது. 1996இல் தலிபான் காபூலைப் பிடித்ததைப் பற்றிச் செய்த தொலைக்காட்சிச் செய்திகளுக்கு ஜோர்ஜ் போல்க் விருது. 2001இல் 'ஐலண்ட் ஒஃப் பிளட்' எண்ட நூல். அதில் இலங்கை மட்டுமில்லை, ஆப்கானிஸ்தானும் இருக்கு. கனபேர் அந்தப் பகுதியைத் திறக்கிறதே இல்லை. 2014இல் ஆம் ஆத்மி சார்பில் எர்ணாகுளத்தில் நிண்டு தோற்றவ.

ஒண்டு கவனம். 11–17 மார்ச் 1984 எண்டது இதழின்ர கிழமை. பேட்டி அதுக்கு முன்னமே எடுத்தாயிற்று. அந்தத் திகதியைப் 'பேட்டி நாள்' எண்டு எழுதினால் பிழை. திகதியும் இதழும் இல்லாத மேற்கோளை ஒப்படையில் ஒட்டவே வேண்டாம்.

மல்லாவி: பிரபாகரன் பேட்டி எங்கட வன்னிக் காட்டுக்குள்ளதானே எடுத்தவ?

1984இல் இயக்கத் தலைமை தமிழ்நாட்டில் இருந்தது. பிரபாகரன் யாழ்ப்பாணம் திரும்பினது 1987 தொடக்கத்தில். பேட்டி காட்டுக்குள்ள எடுத்தது எண்டு காட்டுப் படத்தோட ஒரு பதிவு சுத்துது; அதைப் போட்டவருக்குத் திகதி தெரியாது.

வவுனியா: வன்னிக்கு வந்து கண்ணை இழந்தவ இவதானே?

அது மேரி கொல்வின், அமெரிக்கப் பெண். 2001 ஏப்ரலில் வன்னியில் இருந்து இராணுவப் பக்கம் கடக்கேக்க காயப்பட்டவ.

முறிகண்டி: கண் போன அனிதா அக்கா இப்ப எங்க?

மேல இருக்கிறதை வாசியுங்கோ.

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: வந்து நாலு நாள் நிண்டு போறவையின்ர எழுத்தை ஏன் வரலாறு எண்டு தூக்கிறியள்? இருந்து பட்டவை நாங்கள்.

முழங்காவில்: சேர், 2008 செப்டெம்பரில் அரசு தொண்டு நிறுவனங்களை வன்னியில் இருந்து வெளியேற்றின பிறகு வெளியாள் எண்டு எழுத ஆர் இருந்தது? அப்பதானே விளங்கினது, வெளியாள் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு.

ஆசிரியர்: வந்தவையும் தலைவர்மாரைத்தானே பார்த்தவை, சனத்தையில்லையே தம்பி.

சேர் சொல்லுறதில் நியாயம் இருக்கு. பெரிய ஆளின்ர பேட்டி கிடைத்தால் நிருபருக்கும் பெயர். அந்த இழுவையை வாசிக்கிறவர் மறக்கக்கூடாது. அதுக்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். மூண்டு நிறப் பென்சில் எடுங்கோ. எழுதினவர் கண்ணால கண்டதுக்குப் பச்சை, ஒருத்தர் சொல்லக் கேட்டதுக்கு நீலம், தானாக முடிவு கட்டினதுக்குச் சிவப்பு. ஒரு அத்தியாயத்துக்கு இப்பிடிக் கோடு போட்டுப் பாருங்கோ. பச்சை நம்பலாம். நீலத்துக்கு இன்னொரு சாட்சி தேடுங்கோ. சிவப்பு அவரின்ர கருத்து, அவ்வளவுதான். இருந்து பட்டவையின்ர எழுத்துக்கும் இதே பென்சில்தான் சேர். எங்கட ஆக்களின்ர எழுத்திலயும் நீலம் நிறைய வரும், பச்சை மாதிரி உடுத்துக்கொண்டு.

ஒட்டுசுட்டான்: அவ மாதிரி அம்மம்மாவைப் பேட்டி எடுக்க ஆசை. எப்பிடி?

இதுதான் நல்ல கேள்வி.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கோ. நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும். ஃபேனை நிப்பாட்டுங்கோ. பிளாஸ்டிக் மேசை ஒவ்வொரு தட்டலையும் பெரிதாக்கும், அதனால மடித்த துவாயில் வைத்து, வாயில் இருந்து ஒரு முழத்துக்குள்ள வையுங்கோ. தொடக்கத்தில் திகதி, இடம், பதியச் சம்மதமோ எண்டு கேட்டு, அந்தப் பதிலும் பதிவில் இருக்கட்டும். முக்கால் மணித்தியாலத்தில் நிப்பாட்டுங்கோ.

'பயமா இருந்ததோ' எண்டு கேட்டால் 'ஓம்' எண்டு முடிஞ்சிடும். 'வெளிக்கிட்ட அண்டைக்கு அடுப்பில என்ன இருந்தது, எதைத் தூக்கினனியள், எதை விட்டனியள்' எண்டு கேளுங்கோ.

வருசம் கேட்டால் கட்டாயம் பிழைக்கும். இடம்பெயர்வால கேளுங்கோ. யாழ்ப்பாண வலிகாமச் சனம் இடம்பெயர்ந்ததுக்கு முன்னமோ பின்னமோ? அவை வெளிக்கிட்டது 1995 ஒக்டோபர் கடைசி. இராணுவத்தின்ர ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கினது 1997 மே. ஒட்டுசுட்டான் இராணுவத்திட்டப் போனது 1998 டிசம்பர், புலிகளிட்டத் திரும்பினது 1999 நவம்பர்; உங்கட ஊருக்கு இந்த ரெண்டும்தான் ஆணி. பிறகு சுனாமி, பிறகு 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தது. ஒரு கொப்பித் தாளில் கோடு கீறி, அவ சொல்லுறதை இடையில் நிரப்பிக்கொண்டு போனால் மாதம் வரைக்கும் கிட்ட வரலாம்.

ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் போகும். பேச்சைத் திருத்தாதேங்கோ. பிரதி ரெண்டு இடத்தில் இருக்கட்டும், ஒண்டு போனுக்கு வெளியில். காணாமல் போனவையின்ர பெயர் வந்தால், வீட்டாரைக் கேட்காமல் எங்கயும் போடவேண்டாம்.

நெடுங்கேணி: அனிதாவுக்குப் பிறகு ஆரை வாசிக்க?

நிருபமா சுப்பிரமணியத்தின்ர 2005 நூல், ரோகிணி மோகனின்ர 2014 நூல். ரெண்டு பேரும் இந்தியப் பெண் பத்திரிகையாளர்தான். ஆசிரியர் சேரின்ர குறைக்கு ரோகிணியின்ர புத்தகம் கொஞ்சம் மருந்து: அதில் தலைவர்மாரில்லை, மூண்டு பேரின்ர வாழ்க்கையைக் கன வருசமாகப் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறா.

மாங்குளம்: பிடிஎஃப் இருந்தால் அனுப்புங்கோ.

இல்லை. நூலகத்தில் கேளுங்கோ.

துணுக்காய்: அந்தக் கண் போன அக்கா...

மேரி கொல்வின்.