மூன்று நொடிகளை அளப்பது

அன்புள்ள ஐயா,

நான் கல்வியியலில் பி.எச்டி. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளையும் பிள்ளைகள் சொல்லும் பதில்களையும் பதிவுசெய்து ஆராய்கிறேன். என் அண்ணன் இயற்பியல் ஆராய்ச்சியாளர். போன வாரம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, “நாலு வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதெல்லாம் ஆராய்ச்சியா? துல்லியமாக அளக்க முடிந்தால்தான் அறிவியல், மற்றதெல்லாம் வெறும் கருத்து” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வது சரிதானோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. வானத்தை ஆராய்பவர், ஊரில் போய்த் தங்கி மக்களோடு பேசுபவர், வகுப்பறையில் உட்காருபவர் – இந்த மூன்று பேர் செய்வதையும் எப்படி ஆராய்ச்சி என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம்?

அன்புடன்,
நி.

*

அன்புள்ள நி.,

எல்லோர் முன்னாலும் சொன்னது வலித்திருக்கும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அண்ணனின் துறையிலிருந்தே தொடங்குகிறேன்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ கருவிகள் இரண்டிலும் ஒரு அதிர்வு பதிவானது. 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது கிளம்பிய ஈர்ப்பு அலை அது; வெளியையே துளி நீட்டிச் சுருக்கிக்கொண்டு போகும் அலை. ஒவ்வொரு கருவிக்கும் லேசர் ஒளி போய்த் திரும்ப 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கைகள். அந்த நீளத்தில் அலை உண்டாக்கிய மாற்றம், ஒரு புரோட்டானின் குறுக்களவைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியது. உங்கள் அண்ணன் பெருமைப்படும் துல்லியம் இதுதான். பெருமைப்படட்டும், எனக்கும் இதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. பக்கத்துச் சாலையில் லாரி போனாலே குழம்பக்கூடிய கருவி அது. அதனால்தான் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டினார்கள். இரண்டிலும் ஒரே வடிவத்தில் வந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். அதோடும் விடவில்லை. 2010-இல், குழுவில் மிகச் சிலருக்கு மட்டும் தெரிய, கருவிக்குள் ஒரு போலி அலையைச் செலுத்தினார்கள். மற்றவர்கள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலசி, கட்டுரையே எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில், உண்மையை எழுதி மூடி வைத்திருந்த உறையைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் அது போலி என்று தெரிந்தது. 2015-இல் நிஜ அலை வந்தபோது எழுந்த முதல் கேள்விகளில் ஒன்று, “இதுவும் நம் ஆட்கள் போட்டதா?” என்பதே. ஐந்து மாதம் சரிபார்த்த பிறகு 2016 பிப்ரவரியில்தான் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

தன் கண்ணையும் தன் ஆசையையும் நம்பாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு! என்னைக் கேட்டால் ஆராய்ச்சி என்பதே இந்த ஏற்பாடுதான். நாம் தவறாக இருந்தால் அந்தத் தவறு வெளிப்பட ஒரு வழியை முன்கூட்டியே அமைத்து வைப்பது. லேசர், பதிவேடு, ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி மனிதர்களிடம் வருவோம்.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பியிருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஆலை மூடப்பட்டது, ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் வேலை இழந்தன. 1930களின் தொடக்கத்தில் சமூக ஆய்வாளர்கள் மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்களது குழுவினரும் அங்கே போனார்கள். வேலையில்லாத மனிதனுக்கு உள்ளே என்ன ஆகிறது என்பது அவர்கள் கேள்வி.

இதை எப்படி அளப்பது? “வருத்தமாக இருக்கிறதா?” என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் மாறும். ஆகவே அவர்கள் கடிகாரமும் கையுமாக ஒளிந்து நின்று, தெருவில் நடப்பவர்களைப் பார்த்தார்கள். எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். பெண்களுக்கும் ஆலை வேலை போய்விட்டதுதான், ஆனால் அடுப்பும் துணியும் பிள்ளைகளும் காத்திருந்தன. ஆண்களிடம் நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று நேரவாரியாக எழுதித் தரச் சொன்னபோது, மணிக்கணக்கான பொழுதுக்கு எழுத ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஊர் நூலகத்தின் பதிவேட்டைப் புரட்டினார்கள். நேரம் மிஞ்சிக் கிடக்கிறது, புத்தகம் எடுக்கக் கட்டணமும் கிடையாது, ஆகவே வாசிப்பு கூடியிருக்க வேண்டும் இல்லையா? 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. வறுமை மக்களைக் கொதித்தெழ வைக்கும் என்ற எண்ணம் அப்போது பலருக்கும் இருந்தது. இவர்கள் கண்டதோ சோர்ந்து அடங்கிப்போன ஓர் ஊரை.

லைகோவில் இரண்டு கருவிகள் செய்த வேலையை இங்கே நடையும் பதிவேடும் நேரக்குறிப்பும் செய்தன. ஒன்று சொன்னதை இன்னொன்றால் சரிபார்த்தார்கள். ஒரு சிக்கல் மட்டும் இங்கே கூடுதல். தன்னைப் பார்க்கிறார்கள் என்று கருந்துளைக்குத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். அதனால் வேடிக்கை பார்க்க வந்தவராக யாரும் அந்த ஊரில் இருக்கக் கூடாது என்று குழுவில் விதியே வைத்தார்கள். துணி விநியோகம், மருத்துவ உதவி, தையல் வகுப்பு என்று ஊருக்குப் பயன்படும் ஏதாவது ஒரு வேலையோடுதான் ஒவ்வொருவரும் உள்ளே போனார்கள். இதைக் கருத்து என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

அளப்பது என்றால் எண் மட்டும்தான் என்பதையும் நான் ஏற்கவில்லை. மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான், மரபணுக்கள் இடம் மாறும் என்று 1940களில் கண்டுபிடித்தார். பலர் நம்பவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு 81 வயது.

சரி, உங்கள் துறை. அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு நொடி! அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திரும்பச் சொல்வார், இல்லை அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். எந்த ஆசிரியரைக் கேட்டாலும் “நான் நிறைய நேரம் கொடுக்கிறேனே” என்றுதான் சொல்லியிருப்பார், அதுவும் பொய் இல்லை. ஒலிப்பதிவு மட்டும் வேறு சொன்னது. இன்னொன்றும் சொன்னது: நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைக்குச் சற்று அதிக நேரம், மற்றப் பிள்ளைகளுக்குக் குறைவு. அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கப் பழக்கியபோது பதில்கள் நீண்டன, “தெரியாது” குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள்.

இதைப் படித்த அன்று நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு மூன்று நொடி சும்மா இருந்து பார்த்தேன். தனியாக இருக்கும்போது ஒன்றுமே இல்லை. முப்பது முகங்கள் நம்மையே பார்க்கும்போது அது எவ்வளவு நீளம் என்று, வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கே உட்கார்ந்து குறிப்பது இதைப் போன்றவற்றைத்தான்.

அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு. 2015-இல் உளவியலாளர்கள் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதல் முறை அவற்றில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்க விளைவைக் காட்டியிருந்தன. மறுமுறை காட்டியவை 36 சதவீதம்தான். இதை அவர் எடுத்துப்போட்டால் மழுப்பாதீர்கள். அதே சமயம், அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்கள் அந்தத் துறைக்காரர்களே என்பதையும் சொல்லுங்கள். கையில் கிடைத்த இருநூறு பேருக்கு வினாப்பட்டியல் கொடுத்து, சதவீதம் போட்டு, முன்பே தெரிந்த முடிவை எழுதிக் கட்டிய ஆய்வேடுகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஆய்வாளர் தோற்க வழியே இருக்காது. அண்ணன் பார்த்ததும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

கல்வியில் இன்னொரு கஷ்டம் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் சிறிய வகுப்புகளிலும் வழக்கமான வகுப்புகளிலும் சேர்த்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதை நம்பி 1996-இல் கலிபோர்னியா மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளைச் சிறிதாக்கியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள், முழுத் தகுதி பெறாத பலர் வகுப்புக்குள் வந்தார்கள், எதிர்பார்த்த அளவு பலன் தெரியவில்லை. முதல் ஆய்வு பொய்யில்லை. ஆனால் அதன் முடிவு, போதுமான ஆசிரியர்கள் இருந்த சூழலோடு சேர்ந்தது. ஈர்ப்பு அலை எந்த மாநிலத்திலும் ஒரே மாதிரி வரும், வகுப்பறை வராது. ஆகவே நீங்கள் எதைக் கண்டாலும், எந்தப் பிள்ளைகளிடம், எந்த ஆசிரியரோடு, எந்த நிலையில் கண்டீர்கள் என்று சலிக்காமல் எழுத வேண்டியிருக்கும். உங்கள் ஆய்வேட்டில் பாதிப் பக்கம் அதற்கே போகும், போகட்டும்.

அண்ணனிடம் அடுத்த முறை பேசும்போது ஒன்று கேளுங்கள்: “உன் கருவி காட்டுவதை எப்போது நம்ப மாட்டாய்?” மணிக்கணக்கில் சொல்வார், கேளுங்கள். அதையே உங்கள் ஒலிப்பதிவுகளிடமும் கேட்டு, ஆய்வு முழு வேகத்தில் போவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எதைப் பார்த்தால் உங்கள் கருதுகோள் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அந்தத் தாளை நெறியாளரிடம் காட்டுங்கள். அண்ணனுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

அன்புடன்.