புள்ளிக்கு இடம் விடுங்கள்

இந்த முறை தபாலைப் பிரித்தால் பாதிக்குப் பாதி இணையப் பக்கத்தில் வைக்கும் ஃபார்ம் பற்றிய தொல்லை. நாலு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் அப்பத்தா வீட்டிலேயே கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை செய்து வெளியூருக்கு அனுப்புகிறார். ஆர்டர் வாங்க நான் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். பலர் போன் நம்பரே போடாமல் அனுப்பிவிடுகிறார்கள். "முறுக்கு 2 கிலோ" என்று வருகிறது, யாருக்கு என்று தெரியவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வைத்துத் தடுக்கலாம் என்கிறார்கள். எனக்குப் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் மட்டும்தான் கொஞ்சம் தெரியும். எங்கே தொடங்குவது?
- கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்

பதில்: எச்டிஎம்எல் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போவதற்கு முன்னால், பெட்டியை உண்டாக்கும் இன்புட் வரிக்குள் ரெக்வயர்டு என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பெட்டியைக் காலியாக விட்டால் பிரவுசரே நிறுத்தி, நிரப்பச் சொல்லும்.

ஆனால் ரெக்வயர்டு கொஞ்சம் அப்பாவி. ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பெட்டி நிரம்பிவிட்டது என்று நம்பிவிடும். இங்கேதான் ஸ்கிரிப்ட் வேண்டியிருக்கிறது. ஃபார்மை அனுப்பும்போது நடக்கும் சப்மிட் நிகழ்வைப் பிடியுங்கள். பெயர்ப் பெட்டியின் வேல்யூவை, அதாவது உள்ளே எழுதியதை, எடுத்து ட்ரிம் செய்தால் முன்னும் பின்னும் இருக்கிற இடைவெளி உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு மிச்சம் ஒன்றுமில்லை என்றால் ப்ரிவென்ட்டீஃபால்ட்டைக் கூப்பிடுங்கள், ஃபார்ம் நகராமல் நிற்கும். தப்பு இருந்தால் மட்டும்தான் கூப்பிட வேண்டும். முதல் வரியிலேயே கூப்பிட்டுவிட்டு, "சரியாக நிரப்பினாலும் போகமாட்டேன் என்கிறது சார்" என்று வந்து நிற்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

போன் நம்பருக்கு டைப் என்ற இடத்தில் டெல் என்று போடுங்கள். நம்பர் என்று போடாதீர்கள். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. டெல் போட்டால் கைப்பேசியில் எண் பலகை திறக்கும், அவ்வளவுதான். அது எதையும் சோதிக்காது, சோதிப்பது உங்கள் பொறுப்பு. நம் ஊர் கைப்பேசி எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்று. ஆனால் சோதிக்கும் முன்னால் இடைவெளி, இடைக்கோடு, முன்னால் ஒட்டிய +91 எல்லாவற்றையும் ஸ்கிரிப்டே எடுத்துவிடட்டும். மனிதர்கள் நம்பரை மூன்று மூன்றாகப் பிரித்துத்தான் எழுதுவார்கள். அதற்காக அவர்களைத் திட்டக்கூடாது.

இன்னொன்று. பலகாரம் உங்கள் ஊரோடு நிற்கப் போவதில்லை. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாராவது, தேவகோட்டையில் இருக்கிற அம்மாவுக்கு 5 கிலோ அனுப்பச் சொல்வார்கள். சிங்கப்பூர் எண் 8 இலக்கம். 10 இலக்கம் இல்லாவிட்டால் விடமாட்டேன் என்று உங்கள் ஸ்கிரிப்ட் அடம்பிடித்தால் போகிற ஆர்டர் அப்பத்தாவுடையது. நாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி வையுங்கள். இந்தியா என்றால் மட்டும் 10 இலக்கச் சோதனை.

தப்பைச் சொல்லும் விதமும் முக்கியம். அலெர்ட் பெட்டி வேண்டாம். ஓகே அமுக்கியதும் செய்தி மறைந்துவிடும், எந்தப் பெட்டியில் தப்பு என்பது மறந்துவிடும். அந்தந்தப் பெட்டிக்குக் கீழே, தமிழில், விஷயத்தை எழுதுங்கள். "தவறான உள்ளீடு" என்றால் அப்பத்தாவுக்கே புரியாது. "போன் நம்பரில் 9 எண்தான் இருக்கிறது, ஒன்று குறைகிறது" என்று எழுதுங்கள். எத்தனை இருக்கிறது என்பதை லெங்த் சொல்லிவிடும். தப்பு வந்தது என்பதற்காக மற்ற பெட்டிகளை அழித்துவிடாதீர்கள். முழு முகவரியையும் ஒருவர் இரண்டாம் தடவை எழுதமாட்டார். பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

பிரவுசரின் செய்திக் குமிழிலேயே உங்கள் தமிழ் வாசகத்தைக் காட்ட செட்கஸ்டம்வேலிடிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால், ஆள் திருத்த ஆரம்பித்ததும் வெற்று வாசகம் கொடுத்து அதை நீக்க மறக்காதீர்கள். மறந்தால் தப்பைத் திருத்திய பிறகும் ஃபார்ம் முறைத்துக்கொண்டே நிற்கும்.

கடைசியாகப் பெயர்ப் பெட்டி. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த காலத்தில், ஒரு வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வருகிறவர்கள் பதிவு செய்ய ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். பெயரில் ஆங்கில எழுத்து தவிர எதுவும் வரக்கூடாது என்று விதி. எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. இந்த வட்டாரத்தில் யாருடைய பெயர் புள்ளி இல்லாமல் இருக்கிறது? விலாசமே மூன்று, நான்கு எழுத்து வரும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புள்ளி. (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே விலாசம் என்றால் பெயருக்கு முன்னால் வரும் குடும்பத் தலைப்பெழுத்து. அது தெரிந்தும் முகவரிப் பெட்டிக்கு மேலே "விலாசம்" என்று எழுதி வைத்தேன். இரண்டு பேர் அதில் தலைப்பெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினார்கள்.) வீட்டுக்கார அண்ணன் முதல் ஆளாகத் தன் பெயரைப் போட்டுப் பார்த்தார். "தவறான பெயர்" என்றது. "ஏப்பா, எங்க ஐயா வச்ச பேரைத் தப்புங்குதே உன் மிஷினு" என்றார். அன்றைக்கே விதியை எடுத்தேன்.

தமிழில் பெயர் எழுத விட்டால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். "மீனாட்சி" நமக்கு நாலு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 8 என்று சொல்லும். ம தனி, அதன் மேல் சுழி தனி, ன தனி, கால் தனி, ட தனி, மேல் புள்ளி தனி, ச தனி, கடைசிக் கொக்கி தனி. ஆகவே பெயருக்கு 15 எழுத்துதான் என்று வரம்பு கட்டினால் ஏழெட்டு எழுத்துப் பெயரே முட்டிக்கொள்ளும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் "எழுத்து" வகையை மட்டும் அனுமதிக்கும் பேட்டர்னும் (எது வரலாம் என்ற விதி) போதாது. காலும் கொம்பும் புள்ளியும் அங்கே "குறி" என்ற வேறு வகை. அதையும் சேர்த்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே நுழையும். என்னைக் கேட்டால், பெயர்ப் பெட்டியில் காலியா இல்லையா என்று பார்ப்பதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு டைல் பட்டறை. அறையின் நீளம், அகலம் அடியில் போட்டால் 10 இஞ்சு சதுர டைல் எத்தனை வேண்டும் என்று காட்டும் ஃபார்ம் எழுதினேன். உடைசலுக்கு எத்தனை கூடுதல் என்று ஒரு பெட்டியும் உண்டு. 12க்கு 10 அறை, கூடுதல் 10 என்று போட்டால் 17310 டைல் என்கிறது!
- இளைஞர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, அந்த ஆர்டர் மட்டும் நிஜமாக வந்தால் என்னையும் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 120 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு 144 சதுர இஞ்சு, ஒரு டைல் 100 சதுர இஞ்சு. 172.8 வருகிறது, மேலே முழுதாக்கினால் 173. இதுவரை சரி. அதற்குப் பக்கத்தில் 10 ஒட்டிக்கொண்டதால் 17310. பெட்டிக்குள் இருப்பது பார்வைக்கு எண்ணாக இருந்தாலும், வேல்யூ என்று கேட்டால் கைக்கு வருவது எழுத்துச்சரம்தான், அதாவது வெறும் எழுத்து வரிசை. டைப் நம்பர் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். பெருக்கல் குறியைக் கண்டால் ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதனால் நீள அகலம் தப்பித்தது. கூட்டல் குறிக்கு மட்டும் ஒட்டுவது என்ற இன்னொரு வேலையும் உண்டு, ஒரு பக்கம் சரம் இருந்தால் ஒட்டிவிடும். எடுத்த கையோடு நம்பர் என்ற ஃபங்ஷனில் போட்டு மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் காலியா என்று பாருங்கள், ஏனென்றால் காலிப் பெட்டியை அது 0 என்று மாற்றிவிடும். ஒப்பிடும்போதும் இதே கதைதான்: இரண்டும் சரமாக இருந்தால் "9" பெரியது, "10" சிறியது, அகராதி வரிசை மாதிரி.

கேள்வி: பிரவுசரிலேயே எல்லாம் சோதித்தாகிவிட்டது. தகவல் போய்ச் சேரும் சர்வரில் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்கிறான் நண்பன். இரட்டை வேலைதானே?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: நண்பன் சொல்வதுதான் சரி. எஃப்12 அமுக்கினால் பக்கத்தின் உள்வரிகள் திறக்கும், உங்கள் ரெக்வயர்டை யாரும் அழிக்கலாம். மறைவான பெட்டியில் விலையாக வைத்த 420 ரூபாயை 1 ரூபாய் ஆக்கலாம். ஃபார்மைத் திறக்காமலேயே சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பவும் வழி உண்டு. விலையைப் பிரவுசரிடம் கேட்கவே கேட்காதீர்கள். எந்தப் பொருள், எத்தனை என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு சர்வர் கணக்குப் போடட்டும்.

பிறகு பிரவுசர் சோதனை எதற்கு? ஆளின் நேரத்துக்காக. 1995ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 10 நாளில் எழுதினார். அது போன் லைன் வழியே இணையம் மெதுவாக வந்த டயல்அப் காலம். ஃபார்ம் சர்வருக்குப் போய், ஒரு பெட்டி காலி என்று திரும்பி வருவதற்குள் காபி ஆறிவிடும். அந்த அலைச்சலைக் குறைக்க ஆரம்பத்திலேயே அது கைகொடுத்தது.

கேள்வி: நகரத்தார் குடும்ப விவரம் சேகரிக்க ஒரு ஃபார்ம். எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் என்று கேட்கும் பெட்டியில் எங்கள் ஒன்பது கோயிலும் இருக்கிறது, ரெக்வயர்டும் போட்டிருக்கிறேன். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் இளையாத்தங்குடி என்றே வருகிறது.
- குடும்பத் தலைவி, காரைக்குடி

பதில்: பட்டியலில் முதலில் இருப்பது இளையாத்தங்குடிதானே, ஆச்சி? தொடாமல் விட்டாலும் பிரவுசர் முதல் வரியைத் தேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலே "கோயிலைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து, அதன் வேல்யூவைக் காலியாக வையுங்கள். வேல்யூவே எழுதாமல் விட்டால் அந்த வாசகமே பதிலாகப் போய்விடும்.

இளையாத்தங்குடி, மாத்தூர் என்று சிலவற்றுக்கு உட்பிரிவு உண்டல்லவா? அதற்கு இரண்டாவது பெட்டி வைத்தால், பிள்ளையார்பட்டிக்காரர் வரும்போது அதை மறைப்பீர்கள். மறைக்கும்போதே அதன் ரெக்வயர்டையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பெட்டியை நிரப்பச் சொல்ல வழியில்லாமல் பிரவுசர் பேசாமல் இருந்துவிடும். அவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பார்.