'படவே இல்லை' என்கிறவரை என்ன செய்வது?

ஃபோம் (மெத்தைப் பஞ்சு) சுற்றிய வாளால் சண்டை விளையாட்டு ஆடும் வாசகர்களுக்கு, களத்தில் நடுவராக நிற்பவரின் பதில்கள்

கேள்வி: எதிராளியின் விலாவில் நன்றாகவே அடித்தேன். 'படவே இல்லை' என்று தொடர்ந்து ஆடுகிறார். அடுத்த அடியை ஓங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கை துறுதுறுக்கும், தெரியும். இருந்தாலும் கூடாது.

1977-இல் அமெரிக்காவில் தொடங்கிய டாகோர்ஹிர் என்ற ஃபோம் சண்டை ஆட்டம் ஆகட்டும், அதேபோல் பின்னால் வந்த பெலெகார்த், ஆம்ட்கார்ட் ஆகட்டும், அடி பட்டதா என்று முதலில் சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவரே. கண்ணை அகல விரித்து நின்றாலும் நடுவரால் எல்லா அடியையும் பார்க்க முடியாது. டாகோர்ஹிரிலும் பெலெகார்த்திலும் போதிய வேகம் இல்லாத அடி கணக்கில் வராது. ஆம்ட்கார்ட்டில் லேசான அடியே போதும். நீங்கள் ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றில் ஆடுகிறீர்களா? பாதித் தகராறு அங்கேதான் பிறக்கிறது. உங்கள் வாள் அவர் கேடய விளிம்பை உரசி வேகம் இழந்திருக்கலாம். உங்கள் கைக்கு அது தெரியாது.

சுற்று முடிந்ததும் தனியாகப் போய், "விலாவில் ஒன்று விட்டேனே, உணர்ந்தீர்களா?" என்று கேளுங்கள். அதுவே அவர் வழக்கம் என்றால் நடுவரிடம் சொல்லுங்கள். களத்தில் நின்று கத்துவது எங்களுக்குத் தலைவலி, வேறொன்றுமில்லை.

கேள்வி: பின்னாலிருந்து அடிப்பது கோழைத்தனம் என்கிறான் என் நண்பன். சரியா?

பதில்: அணி ஆட்டத்தில் முதுகைத் திறந்து வைத்துவிட்டு நிற்பது அப்படி நிற்பவர் குற்றம். உங்கள் குழுவின் விதி தடுக்காதவரை தாராளமாக அடியுங்கள். எங்கே அடிக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. உங்களைப் பார்க்காதவர் எந்த நொடியும் திரும்புவார், குனிவார், ஓரடி பின்வாங்குவார். தோளைக் குறிவைத்து மேலிருந்து வெட்டினால், அவர் குனிந்ததும் அங்கே தலை இருக்கும். கையில் பிடித்து அடிக்கும் ஆயுதம் தலையிலும் கழுத்திலும் படவே கூடாது. ஆகவே நடுமுதுகு, பக்கவாட்டு வீச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், காரணம் முகத்தில் படும் அடிகளை நான் அதிகம் பார்ப்பது எதிராளி மண்டியிட்டிருக்கும்போதுதான். காலில் அடிபட்டவர் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர்வார். சற்றுமுன் விலாவுக்குப் போன உங்கள் வழக்கமான வீச்சு இப்போது நேராகக் கன்னத்துக்குப் போகும். உயரமானவர்கள் முழங்காலை மடக்கித் தாழ்ந்த பிறகே வீச வேண்டும். கீழ்நோக்கிக் குத்தவே வேண்டாம். முனை கேடயத்தின் மேல் வழுக்கி முகத்துக்கு ஏறும். கேடயத்தால் மோத அனுமதிக்கும் ஆட்டமே ஆனாலும் மண்டியிட்டவர்மேல் மோதாதீர்கள். அவரால் பின்வாங்க முடியாது. சுற்றி வந்து கையை அடியுங்கள், போதும்.

கேள்வி: என் வாள் பழையது. எப்போது தூக்கி எறிய வேண்டும்?

பதில்: அடிக்கும் பக்கம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்டு விரலில் தட்டுப்பட்டால் அன்றைக்கு அந்த வாள் களத்துக்கு வரக்கூடாது. முனையைத் திருகும்போது ஃபோம் தனியாகச் சுழன்றால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். தண்டில் விரிசல் இல்லையென்றால் புது ஃபோம் ஒட்டிக்கொள்ளலாம். காலைச் சோதனையில் தேறிய வாள் மதியத்துக்குள் கிழிவதும் உண்டு. துணி உறைக்குள் இருப்பது வெளியே தெரியாது. இடைவேளையில் உறையைக் கழற்றியே பாருங்கள்.