நடுக்களத்துக்கு மாற்றப்பட்ட மகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கால்பந்து குறித்து நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகளுக்கு 15 வயது. எட்டு வயதிலிருந்து முன்களத்தில் ஆடி வந்தாள். சென்ற பருவத்தில் அவளுடைய அணியில் அதிக கோல் அடித்தவளும் அவள்தான். இந்த ஆண்டு புதிதாக வந்த பயிற்சியாளர் அவளை நடுக்களத்துக்கு, அதிலும் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிற்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார். ஏழு ஆட்டங்களாக ஒரு கோல்கூட இல்லை. தன்னைத் தண்டித்துவிட்டார்கள் என்று நினைக்கிறாள். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கால்பந்தையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது அவள் விருப்பம், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் கோல் அடிப்பவர்களைத்தானே கழகங்கள் தேடுகின்றன? நடுக்கள வீராங்கனைக்கு என்ன எதிர்காலம் இருக்கிறது? பயிற்சியாளரிடம் பேசிப் பழைய இடத்தைக் கேட்டு வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டாம், குறைந்தது இந்தப் பருவம் முடியும்வரை வேண்டாம். அணியில் அதிக கோல் அடித்த ஒருத்தியை முன்களத்திலிருந்து எடுப்பது எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதான முடிவல்ல. அணி தோற்றால் எல்லோருடைய விரலும் முதலில் அவரை நோக்கியே நீளும். அது தெரிந்தும் அவர் செய்திருக்கிறார் என்றால், உங்கள் மகள் பந்தை வாங்கும் விதத்திலோ, பிறர் ஓடும் பாதையைக் கவனிக்கும் விதத்திலோ ஏதோ ஒன்றைக் கண்டிருக்க வேண்டும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் அது புகாராகிவிடும். அவளிடம் எதைக் கண்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அவளும் உடனிருந்து கேட்கட்டும்.

பின்னுக்கு இழுக்கப்பட்ட ஆட்டக்காரர் என்றதும் எனக்கு இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோவின் நினைவுதான் வருகிறது. 1998இல் இன்டர் மிலான் அவரை வாங்கியபோது அவர் முன்கள வீரர்களுக்குப் பின்னால் நின்று ஆடும் பத்தாம் எண் ஆட்டக்காரர். அங்கே அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. ஒரு பருவம் ரெஜினா அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2001 தொடக்கத்தில், தாம் வளர்ந்த பிரெஷா அணிக்கே மீண்டும் கடனாக வந்து சேர்ந்தார். அங்கே பத்தாம் எண் இடத்தில் இத்தாலியின் பெரும் நட்சத்திரமான ராபர்ட்டோ பாஜியோ இருந்தார். அவரை நகர்த்திவிட்டு 21 வயது இளைஞரை அந்த இடத்தில் நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே பயிற்சியாளர் கார்லோ மஸ்ஸோனே பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு நேர்முன்னால், இன்று உங்கள் மகள் நிற்கும் அதே இடத்தில் நிறுத்தினார். அந்த ஏப்ரலில் யுவென்டஸுடனான ஆட்டத்தில் பிர்லோ ஆழத்திலிருந்து உயர்த்தி அனுப்பிய நீண்ட பந்து பாஜியோவின் தோளுக்கு மேலாக வந்து இறங்கியது. பாஜியோ அதை ஒரே தொடுகையில் கோல்கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டி எடுத்துச் சென்று கோலாக்கினார். பாஜியோவின் அந்தத் தொடுகையை உலகமே இன்றும் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான்; ஆனால் அந்தப் பந்தை அங்கிருந்து அனுப்பலாம் என்று கண்ட கண்ணைப் பற்றித்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முன்களத்துக்கு அருகில் இருந்தவரை பிர்லோவுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. இருபது முப்பது மீட்டர் பின்னால் வந்தவுடன் மைதானம் முழுவதும் அவர் கண்முன் விரிந்தது. அதன்பின் ஏ.சி. மிலானில் அதே இடத்தில் ஆடி 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 32 வயதில் யுவென்டஸுக்குச் சென்றவர், அங்கே ஆடிய நான்கு பருவங்களிலும் இத்தாலிய லீக் பட்டத்தை வென்றார்.

நடுக்கள வீரரின் வேலை என்ன என்பதை, கல்லூரி நாள்களில் நானும் அந்த இடத்தில் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன். தொழில்முறை ஆட்டம் ஒன்றில் நடுக்கள வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். பந்து அவர் காலில் இருக்கும் நேரத்தையெல்லாம் கூட்டினாலும் இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டுவது அரிது. எஞ்சிய நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதே அவருடைய தரத்தை முடிவு செய்கிறது. முன்கள வீரருக்கு எதிரி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருப்பார். நடுக்களத்தில் நிற்பவருக்கோ முன்னால், பின்னால், இருபுறமும் என நான்கு திசையிலிருந்தும் ஆபத்து வரும். தொடக்கத்தில் நான் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பந்து என் காலுக்கு வந்த மறுகணம் பின்னாலிருந்து யாராவது வந்து பறித்துச் சென்றுவிடுவார்கள். எங்கள் பயிற்சியாளர் ஒரு வழி செய்தார். இன்னொருவரை எனக்கு எதிரே நின்று பந்தை அனுப்பச் சொல்லிவிட்டு, அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களை உயர்த்துவார். பந்து என்னை வந்து சேருமுன் எத்தனை விரல் என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பந்து கணக்கில் சேராது. முதல் வாரம் எண்ணைச் சொன்னால் பந்து காலைத் தாண்டிப் போனது, பந்தைப் பிடித்தால் எண் தவறியது. ஒரு மாதம் கழிந்தபின் ஒருநாள், விரல்களைப் பார்த்தது எப்போது என்றே தெரியாமல் எண் என் வாயில் வந்தது. அன்றிலிருந்து மைதானம் எனக்குப் பெரிதாகிவிட்டது போல் இருந்தது. அந்த மகிழ்ச்சி எந்தக் கோலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட், பந்து வருமுன் ஆட்டக்காரர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று காணொலிகளைக் கொண்டு எண்ணியிருக்கிறார். அதிகம் பார்ப்பவர்கள் பந்தை அதிகம் தவறாமல் சக வீரரிடம் சேர்க்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. தலைமுறைக்கு ஒருவரிடம் தோன்றும் அற்புதமாக நாம் நினைக்கும் தொலைநோக்கில் பெரும்பங்கு, பயிற்சியால் படியும் பழக்கம்தான் என்று நான் நம்புகிறேன். பதினைந்து வயது அதற்கு நல்ல வயது.

எதிர்காலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் கீரா வால்ஷை மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து பார்சலோனா வாங்கிய தொகை, மகளிர் கால்பந்தில் அதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத தொகை என்று செய்திகள் வந்தன. அவர் கோல் அடிப்பவர் அல்லர். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீராங்கனை. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரப்படும் பலோன் தோர் விருதை, மகளிர் பிரிவில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் அலெக்சியா புட்டேயாஸும், அடுத்த மூன்று ஆண்டுகள் ஐத்தானா போன்மத்தியும் பெற்றார்கள். ஐந்து முறையும் விருது நடுக்களத்துக்கே போயிற்று. போன்மத்தி பதின்மூன்று வயது வாக்கில்வரை சிறுவர்களோடு சேர்ந்து ஆடியவர்; 2023 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராகவும் அவரே தேர்வானார்.

கால் வேகம் குறைந்தால் முன்கள வீரரின் தொழில் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது. நடுக்களத்தில் நின்று பார்க்கப் பழகியவருக்கு, கால் இழப்பதில் ஒரு பகுதியைக் கண் ஈடுசெய்துவிடுகிறது. பிரேசிலின் ஃபோர்மிகா 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளிலும், 1996 முதல் டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக்குகளிலும் ஆடினார். போர்த்துகீசிய மொழியில் அந்தப் பெயருக்கு எறும்பு என்று பொருள். அணிக்காக ஓயாமல் உழைத்ததால் இளம் வயதிலேயே அமைந்த பட்டப்பெயர் அது.

குரோஷியாவின் நடுக்கள வீரர் லூகா மோட்ரிச்சைப் பற்றி உங்கள் மகளுக்கு நீங்களே சொல்ல வேண்டும். உடல் சிறியது என்று சிறுவயதில் ஒரு பெரிய கழகம் அவரைத் திருப்பி அனுப்பியது. டாட்டன்ஹாமில் இடது ஓரத்தில் ஆடினார், பிறகு நடுவுக்கு வந்தார். 2012இல் ரியல் மாட்ரிட்டுக்குச் சென்ற சில மாதங்களில், ஒரு ஸ்பானிய நாளிதழின் வாசகர் வாக்கெடுப்பு அவரை அந்தப் பருவத்தின் மிக மோசமான ஒப்பந்தம் என்றது. அதே மனிதர் அந்தக் கழகத்தில் ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை வென்றார். பத்து ஆண்டுகள் மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாறி மாறிப் பெற்றுவந்த பலோன் தோர் விருதை 2018இல் பெற்றார்.

2022 ஏப்ரல் 12 அன்று செல்சீயுடன் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை அவளோடு சேர்ந்து பாருங்கள். முதல் ஆட்டத்தை 3-1 என்று வென்றிருந்த ரியல் மாட்ரிட், தன் சொந்த மைதானத்தில் 0-3 என்று பின்தங்கி, மொத்தக் கணக்கில் வெளியேறும் நிலையில் இருந்தது. 80ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்தில் பந்து 36 வயது மோட்ரிச்சிடம் இருக்கிறது. இரண்டு நிமிடங்களுக்கு முன்புதான் களமிறங்கிய ரோட்ரிகோ மறுபுறத்திலிருந்து பெனால்டி பகுதிக்குள் ஓடத் தொடங்குகிறார். உள்பாதத்தால் அனுப்ப வேண்டுமானால் மோட்ரிச் உடலைத் திருப்பியாக வேண்டும். அந்த ஒரு கணத்தில் வழி அடைந்துவிடும். அவர் திரும்பவே இல்லை. வலது காலின் வெளிப்புறத்தால் தட்டுகிறார். பந்து தற்காப்பு வீரர்களின் தலைக்கு மேலாக வளைந்துபோய் ரோட்ரிகோவின் காலுக்கு முன்னால் இறங்குகிறது. தரையைத் தொடும் முன்பே அவர் அதை வலைக்குள் அடிக்கிறார். கூடுதல் நேரத்தில் பென்சமா அடித்த கோலில் அரையிறுதிக்குச் சென்ற அணி, அந்த ஆண்டுக் கோப்பையையும் வென்றது. கோல் கணக்கில் ரோட்ரிகோவின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பாஸைப் பார்த்தபின் நான் நெடுநேரம் வேறு எதையும் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்ன நான் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் உறுதி என்று எதுவும் இல்லை. நடுக்கள வீரர் ஓடிக்கொண்டே நின்று திரும்ப வேண்டியவர். முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது அவர்களுடைய நிரந்தர அச்சம். புட்டேயாஸுக்கு 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்குச் சற்று முன்பு அது நேர்ந்தது. ஏறத்தாழ பத்து மாதங்கள் களத்தில் இல்லை. ஸ்பெயினின் நடுக்கள வீரர் ரோட்ரிக்கு 2024 செப்டம்பரில் நேர்ந்தது. அடுத்த மாதம் ஊன்றுகோலோடு வந்துதான் பலோன் தோரைப் பெற்றுக்கொண்டார். ஆகவே படிப்பை விடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். தொடைக்கும் இடுப்புக்குமான வலுப் பயிற்சியை, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாரம் தவறாமல் செய்யச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது முதல் பதினைந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் மகளை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருமுன் அவள் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள் என்று எண்ணுங்கள். திரும்பும் வழியில் அந்த எண்ணை அவளிடம் சொல்லுங்கள்; எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.