தடித்த சுவர் வீட்டில் ஸ்மார்ட் சுவிச்: கேள்வி பதில்

நல்லூர்: பழைய நாற்சார் வீடு. றவுட்டர் முன்விறாந்தையில். குசினியில் போட்ட வைஃபை பல்பின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. பெரிய அன்டெனா உள்ள றவுட்டர் வாங்கலாமா?

வேண்டாம். றவுட்டர் எவ்வளவு உரத்துப் பேசினாலும், பல்புக்குள் இருக்கும் சின்ன ரேடியோவும் அதே சுவரைத் தாண்டிப் பதில் சொல்ல வேண்டுமே. சுண்ணக்கல் வைத்துக் கட்டிய தடித்த சுவர் சிக்னலை நன்றாக விழுங்கும், மாரியில் ஈரம் ஊறினால் இன்னும் மோசம். உங்களுக்கு வழி முற்றம்தான். முற்றத்தைப் பார்த்த உள்விறாந்தைக்கு வயர் இழுத்து, றவுட்டரை அங்கே தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். நான்கு பக்க அறைகளுக்கும் கதவு, யன்னல் வழியாகப் போகும். இந்தப் பல்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுன்னாகம்: ஜிக்பீ ஹப் முன்னறையில். பின்னறைக் கதவுச் சென்சர் காணாமல் போகிறது. நடுவில் இன்னும் இரண்டு சென்சர் வைத்தால் சரியா?

சரிவராது. ஜிக்பீ என்பது ஒரு சாதனத்தின் செய்தியை இன்னொன்று கடத்தும் ரேடியோ வலை, ஹப் அதன் மையப் பெட்டி. ஆனால் பற்றரியில் ஓடும் சென்சர் மற்றதின் செய்தியைக் கடத்தாது. நேரே மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக் ஒன்றை நடு அறையில் போடுங்கள். பிறகு கதவுச் சென்சரை அதன் இடத்திலேயே வைத்து மறுபடி இணையுங்கள், இல்லாவிட்டால் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். ஹப்பை றவுட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில் மோதும். வைஃபை 1ஆம் சானலில் இருந்தால் ஜிக்பீயை 20 அல்லது 25இல் விடுங்கள்.

மானிப்பாய்: ரிப்பீட்டரை எங்கே செருகுவது?

பாதிவழியில். அது வாங்கிய வைஃபை சிக்னலைத்தான் மறுபடி அனுப்பும், ஆகவே சிக்னல் செத்த அறையில் அல்ல.

சாவகச்சேரி: நடுவில் ஜிக்பீ பல்ப் இருந்தும் இரவில் எல்லாம் அறுகிறது.

யாரோ படுக்கப் போகும்போது சுவர்ச் சுவிச்சை அணைக்கிறார்கள். கரண்ட் இல்லாத பல்ப் எதையும் கடத்தாது. பல்பை நம்பி வலை பின்னாதீர்கள், பிளக்கை நம்புங்கள்.

கோண்டாவில்: ரிப்பீட்டர் பின்னறையில் வைத்தேன், வேகமில்லை.

மானிப்பாய்க்குச் சொன்னதை வாசியுங்கள்.

கோப்பாய்: கிணற்று மோட்டர் வீட்டிலிருந்து 60 மீற்றர். போனில் போட, அணைக்க முடியுமா?

முடியும். ஆனால் ஸ்மார்ட் பிளக்கில் மோட்டரைச் செருகக் கூடாது. மோட்டர் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு அம்பியர் இழுக்கும், பிளக்குக்குள் இருக்கும் ரிலே, அதாவது சின்ன மின்காந்தச் சுவிச், ஒட்டிப்போகும். பிறகு போனில் அணைத்தாலும் மோட்டர் நிற்காது. மோட்டரின் பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்தச் சுவிச்சான கொன்டாக்டர் ஒன்று போட்டு, ஸ்மார்ட் சுவிச் அதன் சுருளை மட்டும் இயக்கட்டும். சிக்னலுக்கு நிலத்தடிக் குழாயில் ஃபைபர் இழுப்பது நல்லது. செம்புக் கேபிள் 100 மீற்றர் வரை வேலை செய்யும்தான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் இரண்டு பக்கமும் எரிந்துபோகலாம்.

உரும்பிராய்: சுவிச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் இல்லை.

நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், தேவைப்படாத வகை ஸ்மார்ட் சுவிச் வாங்குங்கள். ஜிக்பீ என்றால் அது பொதுவாக மற்றதின் செய்தியைக் கடத்தாது, ஆகவே ஜிக்பீ பிளக்கும் வேண்டும்.

வட்டுக்கோட்டை: எதற்கு அண்ணை அவ்வளவு? நான் நியூட்ரலுக்குப் பதில் ஏர்த் வயரைக் கொடுத்தேன். ட்ரிப் சுவிச்கூட விழவில்லை.

தம்பி, இன்றைக்கே கழற்றுங்கள். ஸ்மார்ட் சுவிச் சும்மா இருக்கையில் இழுப்பது சில மில்லி அம்பியர். 30 மில்லி அம்பியர் அளவு கசிவுக்கு விழும் ட்ரிப் சுவிச் அதற்கு விழாது. ஏர்த் கம்பி எங்காவது துருப்பிடித்து அறுந்தால், அந்தக் கரண்ட் போக இடமில்லாமல் ஏர்த்தோடு சேர்ந்த குளிர்சாதனப் பெட்டி, மோட்டர் உடல் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும்.

இணுவில்: எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஒரு வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே?

ஏர்த் அறுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? லைட் மங்காது, மணி அடிக்காது. ஈரக் கையோடு மோட்டரைத் தொடுகிறவருக்குத்தான் முதலில் தெரியவரும். இதற்கு மேல் இதில் வாதம் வேண்டாம்.

வட்டுக்கோட்டை: சரி, கழற்றுகிறேன். சுவரை உடைக்காமல் வேறு வழி?

சீலிங்கில் லைட் பொயின்ருக்கு நியூட்ரல் வந்தே இருக்கும். சின்ன ரிலே மொடியூலை அங்கே வைத்து, சுவிச்சுக்கு வரும் இரண்டு வயரும் அங்கிருந்தே போனால், அவற்றை அதோடு சேர்க்கலாம். மெயினை அணைத்து, ரெஸ்ரரால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வயறிங் தெரிந்தவரையே கூப்பிடுங்கள்.