விலை கூடிய கார் வாக்ஸ் காசுக்குத் தகுமா?

கார் வாக்ஸ் என்பது பெயின்டின் மேல் பூசும் மெல்லிய மெழுகுப் படலம். உப்பும் தூசும் நேரே பெயின்டில் ஒட்டாமல் அது தடுக்கும். விலை கூடியவற்றில் பெரும்பாலும் கர்னோபா அதிகம். பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் எடுக்கும் மெழுகு. மலிவான பல டப்பாக்களிலும் அது உண்டு, அளவுதான் குறைவு. மிச்சக் காசு வாசனைக்கும் அழகான போத்தலுக்கும்!

இடியப்பத் தட்டுக்கு எண்ணெய் பூசுவது போலத்தான். விலை கூடிய எண்ணெய் என்பதற்காக அது நாளைக்கும் தட்டில் நிற்காது. திருகோணமலையில், அதுவும் கடற்கரையோரமான உப்புவெளிப் பக்கம் இரவு கார் நிறுத்தினால் காலையில் கண்ணாடி உப்புக் காற்றில் பிசுபிசுக்கும். அப்படியான இடத்தில் நல்ல தண்ணீரில் கழுவி, சாதாரண வாக்ஸையே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசுவது போதும் என்பேன்.

அப்புறம், வாக்ஸ் கீறலை நீக்காது. மெல்லிய கீறலை நிரப்பி மறைக்கும்; மெழுகு தேய்ந்ததும் கீறல் திரும்பத் தெரியும்.